பாக்கெட்டின் பின்பக்கம் (எங்கள் குடும்பக் குழு)

கவிதா: 📷 சித்தி, இந்த சாக்லேட் குக்கி என்றால் மீனுவுக்கு உயிர். தினமும் பள்ளிக்கு நான்கு வைத்தனுப்பச் சொல்லி அடம் பிடிக்கிறாள். முன்பக்கம் பால், கோதுமை எல்லாம் படம் போட்டிருக்கிறது. கொடுக்கலாமா?

கலா சித்தி: முன்பக்கத்தை விடும்மா. பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு.

கவிதா: 📷 எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது சித்தி.

கலா சித்தி: பெரிதாக்கிப் படித்துவிட்டேன். மைதா, சர்க்கரை, பாமாயில், கோக்கோ பொடி 4.5%, இன்வெர்ட் சிரப், பால் பொடி 1%. எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும், அதுதான் விதி. முன்பக்கத்தில் டம்ளர் நிறையப் பால் ததும்புகிறது. உள்ளே 100 கிராமுக்கு 1 கிராம் பால் பொடி!

பெரியப்பா: அந்த இன்வெர்ட் சிரப் என்ன கலா?

கலா சித்தி: அதுவும் சர்க்கரைதான் அத்தான். சர்க்கரையைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று பிரித்துக் காய்ச்சிய பாகு. பெயர் வேறாக இருப்பதால் பட்டியலில் தனியாகக் கீழே போய் நிற்கிறது. உங்கள் சுகருக்கு இரண்டும் ஒன்றுதான், தொடாதீர்கள்.

பெரியப்பா: சரிம்மா.

அண்ணி: உள்ளே வழிகிறதே, அது சாக்லேட்தானே சித்தி?

கலா சித்தி: இல்லை. பாக்கெட்டிலேயே ‘சாக்கோ கிரீம்’ என்றுதான் இருக்கிறது, பார். சாக்லேட் என்றால் கோக்கோ வெண்ணெய் இருக்க வேண்டும். இது சர்க்கரை, பாமாயில், கொஞ்சம் கோக்கோ பொடி சேர்த்து அரைத்த விழுது. பாமாயில் வெளியே பாதி இறுகி நிற்கும், வாயில் போட்டதும் இளகும். அதில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால்தான் மாதக்கணக்கில் இருந்தாலும் வெளியே உள்ள பிஸ்கட் நமுத்துப் போவதில்லை. அந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமான தயாரிப்புதான்.

அண்ணன்: 322, 500, 503 என்று எண்கள் இருக்கின்றனவே, அவைதான் கெடுதலோ?

கலா சித்தி: எல்லாரும் அங்கேதான் பயப்படுகிறார்கள். 322 லெசித்தின், எண்ணெய் பிரியாமல் கலந்து நிற்கச் சேர்ப்பது, பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவது. 500 நம் சமையல் சோடா. 503 அம்மோனியம் பைகார்பனேட், அதுவும் சோடா மாதிரி மாவை உப்ப வைப்பது, அடுப்புச் சூட்டிலேயே வாயுவாகப் போய்விடும். அவற்றை விடு. பயப்பட வேண்டியது கீழே இருக்கிற அட்டவணைக்குத்தான்.

கவிதா: ஒரு பரிமாறலுக்குச் சேர்த்த சர்க்கரை 4.5 கிராம் என்றுதானே போட்டிருக்கிறது? குறைவாகத்தானே தெரிகிறது?

கலா சித்தி: ஒரு பரிமாறல் என்பது எத்தனை என்று பார்த்தாயா? ஒரே ஒரு குக்கி, 12.5 கிராம். மீனு கேட்பது நான்கு. அப்படியென்றால் 50 கிராம் குக்கி, அதில் சேர்த்த சர்க்கரை 18 கிராம், ஏறக்குறைய நாலரை டீஸ்பூன். 250 கலோரி. நிறைவுற்ற கொழுப்பு 6 கிராம். உலக சுகாதார நிறுவனம் இப்படிச் சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும், 5 சதவீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது என்கிறது. மீனு நாளைக்கு 1500 கலோரி சாப்பிடுகிறாள் என்று வைத்துக்கொள். அந்த 5 சதவீதம் கிட்டத்தட்ட 19 கிராம். பள்ளி இடைவேளையிலேயே அது முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் பாலில் சர்க்கரை போட்டுத் தருவாய் அல்லவா?

கவிதா: இரண்டு ஸ்பூன் போடுவேன் சித்தி. இப்படி நான் கூட்டிப் பார்த்ததே இல்லை 😔

கலா சித்தி: மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. அடியோடு நிறுத்தவும் வேண்டாம், அழுது தீர்த்துவிடுவாள். வாரத்தில் இரண்டு நாள், ஒன்று ஒன்று கொடு. பாக்கெட்டை அவள் கையில் கொடுக்காதே. அப்புறம், ஒட்டிய மடிப்புக்கு அடியில் ஒரு வரி மறைந்திருக்கிறது. மடிப்பைப் பிரித்து அதையும் படமெடு.

கவிதா: 📷 கோதுமை, பால், சோயா உள்ளது. நிலக்கடலை, ஹேசல்நட் கலந்திருக்கலாம்.

அண்ணி: ஐயோ, நிலக்கடலையா? ஞாயிற்றுக்கிழமை நவீன் அங்கே வருகிறானே! போன வருடம் ஒரே ஒரு பிஸ்கட்டுக்கு உதடு வீங்கி, மூச்சு வாங்கி, ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பட்டியலிலும் கடலை இல்லை, இந்த மாதிரி வரியைத்தான் நான் பார்க்காமல் விட்டேன்.

கலா சித்தி: அதற்காகத்தான் கேட்டேன். மற்ற பிஸ்கட் செய்கிற அதே இயந்திரத்தில் இதுவும் ஓடும், துளி ஒட்டியிருந்தாலும் அவனுக்கு ஆகாது. கவிதா, பிரித்த பாக்கெட் ஏதாவது இருக்கிறதா?

கவிதா: ஒன்று டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறேன். இப்போதே எடுத்துவிட்டு டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். அண்ணி, நவீனுக்கு என்ன கொடுக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள், அதை மட்டும் வாங்குகிறேன்.

அண்ணி: அவன் சாப்பிடுவதை நானே எடுத்து வருகிறேன் கவிதா. மீனுவுக்கும் சேர்த்து.