ஜவ்வாது மலைச் சரிவில் சருகை எரிக்கலாமா?

ஒடுகத்தூரான்:
மாசி பிறந்தால் ஒடுகத்தூர், அமிர்தி பக்கம் மலைச் சரிவில் தீ தெரிகிறது. "சருகுதானே, எரிஞ்சிட்டுப் போகட்டும், மரம் சாகாது" என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். மரம் பிழைக்கும். மண்? நம்முடையது இலையுதிர் காடு. உதிரும் இலைதான் அந்தச் செம்மண்ணுக்குக் கிடைக்கும் எரு. மக்கினால் தழைச்சத்து மண்ணில் சேரும். எரிந்தால் பெரும்பகுதி புகையோடு போய்விடும். சாம்பலில் மிஞ்சுவது சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும். சரிவில் அதையும் முதல் மழையே அடித்துக்கொண்டு வந்துவிடுகிறது. மூடாக்கு இல்லாத தரையில் மழைத்துளி நேராக விழுந்து மண்ணைக் கிளப்பும். கிளம்பிய துகள் துளைகளை அடைக்கும். தண்ணீர் இறங்காமல் ஓடும். எங்கள் ஏரியில் வண்டலாகப் படிவது அந்தக் காட்டின் மேல்மண். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

பழைய வாட்சர்:
அதை எழுதினது நான்தான் தம்பி. இப்பவும் அதையேதான் சொல்றேன். நம்ம மலையில இலை கொட்டறது தை, மாசியில. அப்ப மழை ஏது? ஈரம் இல்லாம எது மக்கும்? குவிஞ்சு கிடக்கும், சித்திரையில ஒரு பீடித்துண்டு போதும். தையிலயே, பனி ஈரம் இருக்கும்போது, வேகமா ஓடிப்போற சின்னத் தீயில நாலு விரல் ஆழத்துக்குக் கீழ மண்ணு பெரிசா சூடேறாது. சித்திரையில உண்ணிப் புதரும் (லாண்டானா) விழுந்த கட்டையும் சேர்ந்து பிடிச்சா தீ ஒரே இடத்துல நின்னு எரியும். வேர், விதை, மண்ணுல கலந்த மக்கு எல்லாம் கருகிடும். கர்நாடகத்து பிலிகிரிரங்கன் மலையில இருக்கற சோளகர் பழங்குடிங்க கோடை முத்தறதுக்கு முன்னாடியே சருகுத்தீ வெச்சவங்க. 1974-ல் சரணாலயம் ஆகி அது நின்னுபோன பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடிச்சுன்னு அந்த மக்களே சொல்றாங்க.

மண்வாசம்:
மழை இல்லாவிட்டால் எதுவும் மக்காது என்பதை ஏற்க முடியாது ஐயா. நான் மண்ணியல் படிக்கிறேன். வறண்ட காட்டில் கோடையிலும் சருகையும் சுள்ளியையும் மண்ணுக்குள் கொண்டுபோவது கறையான். அது குடைந்த வளைகள் வழியாக மழைநீரும் உள்ளே இறங்கும். சருகு எரிந்துபோனால் கறையானுக்குத் தீனி இல்லை, வளையும் தூர்ந்துவிடும்.

சோளகர் வைத்தது இடமும் காலமும் பார்த்து வைத்த தீ. இங்கே எரிவது அதுவா? புல் துளிர்க்கட்டும் என்று ஒருவர் வைக்கிறார், வழிப்போக்கர் ஒருவர் அணைக்காமல் போகிறார், ஒரே சரிவு அடுத்தடுத்த ஆண்டுகளில் எரிகிறது. கன்றுகள் எழ வழியில்லை. நிழல் குறைகிறது, புல் பெருகுகிறது, அடுத்த தீ இன்னும் சுலபமாகப் பிடிக்கிறது.

ஜமுனாமரத்தூரான்:
புல்லுக்காக வைக்கறாங்கன்னு சுலபமா சொல்லிட்டீங்க அக்கா. பழியெல்லாம் மாடு வெச்சிருக்கிறவன் தலையிலயா? தைல மரத்தைப் பத்தி யாரும் வாயே திறக்கலையே. அந்த இலை லேசில மக்காது. வெட்டும்போது கட்டையோட பட்டை, கிளை, இலை எல்லாத்தையும் லாரியில ஏத்தறாங்க. எடை கட்டையில இருக்கு, ஆனா சத்து அடர்த்தியா இருக்கறது பட்டையிலயும் இலையிலயும். பட்டையை அங்கேயே உரிச்சுப் போட்டாலே மண்ணுக்குப் பாதி நியாயம் கிடைக்கும். ஈரத்தரையில ஜேசிபி ஓட்டி மண்ணை இறுக்கறதையும் கேளுங்க.

பழைய வாட்சர்:
தைல மரத்துல நான் உன் பக்கம்தான். ஆனா எரிக்காம விட்ட சரிவுல பெருந்தீ வந்தா யார் அணைக்கறது? அங்க தண்ணி லாரி ஏறுமா?

ஒடுகத்தூரான்:
அதற்குத்தான் தீத்தடுப்புக் கோடு, ஐயா; தீ தாண்டாதபடி சருகு நீக்கிய வெறும் பட்டை. பாதையோரமும் எல்லையோரமும் சருகைக் கூட்டி, அந்தப் பட்டையில் மட்டும் வனத்துறை எரிக்கட்டும். உண்ணிச்செடியைக் காய்க்கும் முன் வேரோடு பிடுங்கட்டும். சரிவைத் தொடவேண்டாம். காப்புக்காட்டில் தீ வைப்பதை 1882-ம் ஆண்டு வனச்சட்டமே தடுக்கிறது.

வாதம் தீராது, அளந்து பார்ப்போம். அடியில்லாத எண்ணெய்த் தகரத்தைத் தரையில் விரல் ஆழம் இறக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அது இறங்கும் நேரத்தைக் குறிக்கலாம். எரிந்த சரிவில் ஒன்று, எரியாத சரிவில் ஒன்று. எது எப்போது எரிந்தது என்று, வாட்சர் ஐயா, உங்களுக்குத்தான் தெரியும். ரேஞ்சரிடம் அனுமதி நான் கேட்கிறேன்.

பழைய வாட்சர்:
வரேன். ஆனா ரெண்டு இடம் பத்தாது. தையில எரிஞ்சது தனி, சித்திரையில எரிஞ்சது தனி, எரியாதது தனி. மூணுலயும் அளக்கணும். தையில எரிஞ்ச இடத்துலயும் தண்ணி இறங்கலன்னா அப்ப பேசுங்க.