புதுப்பிப்பு: கைனகரிக்கு மறுபடியும் படகு வருது

போன மாசம் புலம்பியிருந்தேனே, கேரளாவுல குட்டநாட்டுல என் மாமியார் ஊரான கைனகரியில் ஆகாயத்தாமரை கால்வாயை அடைச்சிடுச்சு, ஆலப்புழை படகு எங்க துறைக்கு வர்றதில்லைன்னு. மருந்தடிக்கச் சொன்னவங்களுக்கு: அந்தத் தண்ணியிலதான் பாத்திரம் கழுவுறோம்.

கடைசியில யாரும் வந்து அள்ளல, உப்புதான் தீர்த்து வச்சது. இங்க ‘புஞ்ச’ன்னா நம்மூர் புஞ்சை இல்லை; கடல் மட்டத்துக்குக் கீழே, தண்ணியை இறைச்சுட்டு விதைக்கிற நெல். அதைக் காப்பாத்த டிசம்பர் வாக்குல தண்ணீர்முக்கம் தடுப்பணையை அடைப்பாங்க. வேம்பநாட்டுக் காயல்ல உப்பு ஏறாது, ஆகாயத்தாமரைக்குக் கொண்டாட்டம். ஷட்டரைத் திறந்து கடல்தண்ணி வந்ததும் இலை கருகி, தண்டு கூழாகி, ஒரு வாரம் நாத்தம் தாங்கல.

நேத்து காலையில ஸ்ராங்கு (படகு ஓட்டுறவர்) மணிக்கயிறை இழுத்தார், எஞ்சின் அடங்குச்சு, லஸ்கர் (படகைக் கட்டுற ஊழியர்) வடத்தைத் தென்னங்கட்டையில ஒரு சுத்து சுத்தினார். அத்தை ரேஷன் பையோட முதல் ஆளா ஏறிட்டாங்க.

எங்க கால்வாய் தேசிய நீர்வழியில வருதான்னு ஒருத்தர் கேட்டிருந்தார்: தேசிய நீர்வழி 3, 1993-ல் அறிவிச்சப்போ கொல்லம்–கோட்டப்புறம் பெருவழி, 2016-ல் கோழிக்கோடு வரைக்கும் நீட்டினாங்க. எங்க சின்னக் கால்வாய் அந்தக் கணக்குல வராது.

டிசம்பர்ல மறுபடியும் புலம்ப வருவேன்.