மறு: சீலியாக் நோய்க்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

வணக்கம். நோயாளர் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். சீலியாக் நோய்க்குக் 'கோதுமை ஒவ்வாமை' என்று போட்டேன். மருத்துவர் சிவப்பில் அடித்துவிட்டார். ஒவ்வாமை வேறாம். இதில் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் உள்ளே போனால் எதிர்ப்பாற்றல் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. நோய்க்கும் குளூட்டனுக்கும் சொல் தாருங்கள்.
– சு.

குளூட்டன் லத்தீனில் பசை. ஆகவே பசையம். நோய், 'பசைய ஒவ்வா நோய்'. முடிந்தது.
– இரா.மு.

முடியவில்லை ஐயா. பள்ளியில் பச்சையம் படித்தவர்கள் 'பசையம் தவிர்க்கவும்' என்று பார்த்தால் கீரையை நிறுத்திவிடுவார்கள். அச்சில் ஒரு 'ச்' கூடினால் போதும்.
– தே.

சீலியாக்கின் மூலம் கிரேக்கக் 'கொய்லியா', வயிறு. அதன் அடி 'கொய்லோஸ்', உட்குழிந்தது. நம் குழி, குழல், குழிசி எல்லாம் அதே வேர்தானே? 'குழியல் நோய்' என்பேன். 'குடல்' என்ற சொல்லுக்கும் இதில் பங்குண்டு, தனி மடலில் எழுதுகிறேன்.
– பு.

ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா? 'குளியல் நோய்' என்றுதான் பாதிப்பேர் படிப்பார்கள். குளூட்டன் என்றே விடலாம்.
– தே.

> குளூட்டன் என்றே விடலாம்

அப்புறம் இந்தச் சொல்லாக்கக் குழு எதற்கு?
– இரா.மு.

கோதுமையே வடமொழிக் கோதூமம்தான் ஐயா. அதை விரட்டிவிட்டு வாருங்கள்.
– தே.

கையேட்டின் உயிரான வரி இது: 'பரிசோதனைகள் முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்.' முதலில் ரத்தத்தில் டிடிஜி-ஐஜிஏ எதிர்ப்பொருள். கூடவே மொத்த ஐஜிஏ (எதிர்ப்பொருளில் ஒரு வகை), ஏனென்றால் அது பிறவியிலேயே குறைந்தவருக்கு முதல் சோதனை ஏமாற்றும். பிறகு எண்டோஸ்கோபி வழியாக முன்சிறுகுடலில் துணுக்குகள் எடுத்துத் திசு ஆய்வு. முன்பே சப்பாத்தியை விட்டவருக்கு எல்லாம் இயல்பு என்று வந்துவிடலாம். அங்கே போய் 'குழியல்' என்று எழுத எனக்குத் துணிவில்லை.
– சு.

நெதர்லாந்தில் 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதை டிக்கே என்ற மருத்துவர் கவனித்தார். சொல்லுக்கு உதவாது, தெரிந்திருக்கட்டும்.
– பு.

இதையும் சேருங்கள்: கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். அரிசிச் சோறுதானே என்று ரசம் ஊற்றினாலும் வினைதான்.
– தே.

நாளை வெள்ளி. 'சீலியாக் நோய்', 'குளூட்டன்' என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'கோதுமைப் பசைப்புரதம்' என்று விளக்கம். மறுப்பு?
– சு.

சரி.
– தே.

சரி. குழியலைப் பிறகு பேசுவோம்.
– பு.

பார்லியில் இருப்பதும் கோதுமைப் பசைதானா? என் வாக்கு பசையத்துக்கே.
– இரா.மு.