மறு: ரெசல்யூஷன் – ‘தெளிவுத்திறன்’ சரியான சொல்தானா?

அனைவருக்கும் வணக்கம்.

> ‘தெளிவுத்திறன்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே ஐயா, அதை ஏன் மாற்ற வேண்டும்?

இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 4கே டிவி வாங்கப் போகிறவருக்கு அந்தச் சொல் இல்லாத ஒன்றை உறுதி சொல்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் 3840 × 2160 வெறும் எண்ணிக்கை; குறுக்கே 3840, நெடுக்கே 2160 என்று பெருக்கினால் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள் (பிக்சல்கள்). ஃபுல் எச்டியில் 21 லட்சம், 8கேயில் 3.3 கோடி. இந்த எண்ணிக்கைக்குத் ‘தெளிவு’ என்று பெயர் வைத்தால், 8கே வாங்கினால் 4கேயைப் போல நான்கு மடங்கு தெளிவு கிடைக்கும் என்றுதானே வாங்குபவர் நினைப்பார்?

கண்ணுக்குத் தெரியும் தெளிவு, திரையின் அளவையும் நாம் உட்காரும் தூரத்தையும் சேர்த்தே அமைகிறது. நல்ல பார்வையுள்ள கண் ஏறத்தாழ ஒரு கலை கோணம் வரை, அதாவது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு வரை, பிரித்தறியும். 55 அங்குல ஃபுல் எச்டி திரையில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.63 மி.மீ. கணக்குப் போட்டால், 2.2 மீட்டருக்கு அப்பால் போனதும் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 4கேக்கு அந்த எல்லை 1.1 மீட்டர். 8கேக்கு அரை மீட்டர்தான்! சோபா மூன்று மீட்டர் தள்ளிக் கிடக்கிற கூடத்தில் 8கேக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்றே சொல்வேன். 4கே வாங்கலாம், பெரிய திரைகள் இப்போது பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. ஆனால் அந்தத் தூரத்தில் படம் நன்றாக இருப்பதற்குக் கருமையின் ஆழமும் வெளிச்சமும்தான் பெரிய காரணம்.

எனவே இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிடுவோம். எண்ணிக்கைக்குப் ‘புள்ளித்தொகை’. கண், கேமரா, நுண்ணோக்கி ஆகியவற்றின் பிரித்தறியும் ஆற்றலுக்கு, இயற்பியலில் வழங்கும் ‘பிரிதிறன்’. ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்பதற்குப் ‘புள்ளிச்செறிவு’.

இந்த மூன்றாவதுதான் கணினித் திரை வாங்குவோருக்கு முக்கியம். 27 அங்குலத் திரை ஃபுல் எச்டியாக இருந்தால் அங்குலத்துக்குச் சுமார் 82 புள்ளி, 4கே என்றால் 163. அறுபது சென்டிமீட்டர் தூரத்தில் உட்கார்ந்து படிக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும், அதுவும் தமிழில். எழுத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள். செறிவு குறைந்த திரையில் ‘ஞ’வின் சுழி அடைபடும், ‘ணூ’ கறுத்த திட்டாகும், மெய்யெழுத்தின் புள்ளி தலையோடு ஒட்டிக்கொள்ளும். மெய்ப்புப் பார்ப்பவருக்கு ‘க’வா ‘க்’கா என்று உற்றுப் பார்க்க வேண்டிவரும். நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்பவர்கள் தாராளமாக 4கே திரைக்குச் செலவழிக்கலாம்.

> அண்ணா, பிக்சலுக்குப் ‘படவணு’ என்றே வைத்துக்கொண்டு ‘அணுத்தொகை’ என்றால் என்ன? ‘புள்ளி’ மெய்யெழுத்துப் புள்ளியோடு குழம்பாதா?

குழப்பம் வரும் இடங்களில் ‘படப்புள்ளி’ என்று முழுசாகச் சொல்லிவிடலாம், தம்பி. ‘படவணு’ அழகான சொல்தான். ஆனால் எல்சிடி திரையை உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கீற்றுகள் தெரியும். அவற்றுக்கும் பெயர் வேண்டுமே? ‘படப்புள்ளி’ என்றால் அவை ‘உட்புள்ளி’ என்று எளிதாக அமைந்துவிடும். அணுவுக்குள் என்ன பெயர் வைப்பது?

அப்புறம், 4கே திரைகளைக் குறிக்கும் ‘அல்ட்ரா எச்டி’யில் வரும் ‘அல்ட்ரா’வுக்கு ‘மீயுயர்’ என்று வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. விற்பனைக் குறிப்பு ஒன்றை எழுதிப் பார்த்தேன்: “27 அங்குல மீயுயர் திரை, புள்ளித்தொகை 3840 × 2160, புள்ளிச்செறிவு அங்குலத்துக்கு 163.” படிக்கும்போது எங்காவது இடறினால் எழுதுங்கள். ‘புள்ளித்தொகை’யில் தொகை என்பது பணத்தை நினைவூட்டுகிறது என்று யாராவது சொன்னால், ‘புள்ளியெண்’ணுக்கு மாற எனக்குத் தடையில்லை.