வெதரிங்: பழுப்பேற்றமா, கறையணியா, பழசாக்கலா?

செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

மாதிரிக் கார்களுக்கு வண்ணம் பூசுவது, உடைந்ததைச் சரிசெய்வது, விருப்பப்படி மாற்றியமைப்பது பற்றிய ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். பிரைமருக்கு அடிப்பூச்சு, கிளியர் கோட்டுக்குத் தெளிபூச்சு, டீகாலுக்கு ஒட்டுப்படம் என்று ஓரளவு ஒப்பேற்றிவிட்டேன். வேலை 'வெதரிங்' என்ற சொல்லில் வந்து நிற்கிறது. புத்தம் புதிதாகப் பூசி முடித்த காரை, பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் ஓடிய வண்டிபோல் காட்டும் கைவேலை அது. சக்கர வளைவில் காய்ந்த சேறு, கதவின் அடியில் துரு, கூரையில் வெளுத்த சாயம், புகைபோக்கியைச் சுற்றிக் கரி, எல்லாம் அதில் அடக்கம்.

இப்போதைக்கு 'வானிலைச் சிதைவு' என்று போட்டு வைத்திருக்கிறேன். புவியியல் பாடத்தில் பாறைகளுக்கு அப்படித்தான் வருகிறது. ஆனால் காருக்குப் படிக்கும்போது உறுத்துகிறது. உதவுங்கள்.

வ. எழுதியது:

செ., 'சிதைவு' வேண்டவே வேண்டாம். இதற்குக் காரணம் இலக்கணம் இல்லை, தொழில். பழைய டைகாஸ்ட் கார்கள், அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்த மாதிரிகள், துத்தநாகக் கலவையில் செய்தவை. அந்தக் கலவையில் ஈயம் போன்ற மாசு கொஞ்சம் கலந்துவிட்டாலும், நாளடைவில் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரிபட்டு, உப்பி, மயிரிழை விரிசல் விட்டு, கடைசியில் தொட்டாலே பொடியும். 'ஜிங்க் பெஸ்ட்' என்பார்கள். பழுது நீக்கும் அத்தியாயத்தில் இது கட்டாயம் வந்தாக வேண்டும். இதற்கு மருந்து கிடையாது. கெட்ட பாகத்தை மாற்ற வேண்டியதுதான். 'துத்தநாகச் சிதைவு' என்று சொல்ல நமக்கு அந்தச் சொல் தேவைப்படும்.

ஒன்று தானாக வந்த கேடு, மற்றது நாமே தூரிகை பிடித்துச் செய்யும் ஒப்பனை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், எதற்குப் பயப்படுவது, எதைச் செய்து பார்ப்பது என்று புதிதாக வருகிறவர் திணறுவார். 'வேண்டுமென்றே செய்தது' என்பது சொல்லிலேயே தெரியவேண்டும். என் வாக்கு 'பழசாக்கல்'.

ந. எழுதியது:

வ. சொல்லும் வேறுபாட்டை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் 'பழசு' கொச்சை. பழைது என்பதன் திரிபு. அச்சில் ஏறும் கலைச்சொல்லுக்கு அது ஆகாது.

'பழு' என்னும் வேரைப் பாருங்கள். பழு, பழுத்தல், பழம், பழுப்பு. முதிர்ந்து விழப்போகும் இலையின் நிறமே பழுப்பு. பழைய தாளைப் 'பழுப்பேறிய தாள்' என்கிறோம். காலமும் நிறமும் ஒரே சொல்லில் கூடி நிற்பது தமிழுக்கு வாய்த்த நலம். பழமை, பழகு, பழக்கம் ஆகியவையும் இந்தக் குடும்பமே என்பது என் துணிபு. இன்னும் ஒரு படி மேலே போய், 'பழுது' என்பதையும் இங்கேயே சேர்ப்பேன். கையேட்டின் இரு பாதிகளும், அதாவது பழுதுபார்த்தலும் பழுப்பேற்றலும், ஒரே வேரில் நிற்பதைக் கவனியுங்கள். ஆகவே 'பழுப்பேற்றம்'.

வ. எழுதியது:

ந. ஐயா, வேர் விளக்கம் படிக்க இனிமையாக இருக்கிறது. ஆனால் பட்டறையில் இது நிற்காது. வெயிலில் வெளுத்த கூரைக்கு அடிப்படை நிறத்தைவிட வெளிறிய நிறம் பூசுகிறோம். புகைக்கரி கறுப்பு. எல்லாமே பழுப்பு இல்லை.

'ஏற்றம்' என்பதும் இடிக்கிறது. வண்ணம் உரிந்த தோற்றத்துக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் துருநிறம் பூசிக் காப்புக்குத் தெளிபூச்சு கொடுப்போம். அதன்மேல் ஹேர் ஸ்ப்ரே அடித்துக் காயவிட்டு, அப்புறம் காரின் அக்ரிலிக் (நீர்வகை வண்ண) நிறம். அது தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், தண்ணீர் தொட்ட விறைப்பான தூரிகையால் விளிம்புகளை மெல்லத் தேய்க்க வேண்டும். ஈரம் உள்ளே இறங்கி ஹேர் ஸ்ப்ரே கரையும். மேல்நிறம் செதில் செதிலாக எழும்பி, அடியில் இருக்கும் துரு தெரியும். இங்கே நாம் எதையும் ஏற்றவில்லை, எடுக்கிறோம்.

த. எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. ஈழத்து வழக்கில் துருவைக் 'கறள்' என்போம். 'கறள் பிடித்த தகரம்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். துருத் தோற்றத்துக்கு மட்டுமாவது 'கறளூட்டல்' என்று வைக்கலாமே? முழு வேலைக்கும் பொதுச்சொல் வேண்டுமென்றால் 'மூப்பூட்டல்'. மூப்பு தானாக வருவது, ஊட்டுவது நாம். வ. கேட்ட 'வேண்டுமென்றே' அதில் இருக்கிறது.

ந. எழுதியது:

த., கறளை நினைவூட்டியதற்கு நன்றி. கறு, கறை, கறள். புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தை நினையுங்கள்: 'கறைமிடறு அணியலும் அணிந்தன்று'. இதை எதிர்மறை என்று மயங்குவோர் உண்டு. அணிந்தன்று என்றால் அணிந்தது. 'அன்' சாரியை, 'று' ஒன்றன்பால் விகுதி. நஞ்சின் கறை சிவனின் மிடற்றுக்கு, அதாவது கழுத்துக்கு, அணி செய்தது என்கிறார் அதைப் பாடிய பெருந்தேவனார். கறையே அழகாவது! நாம் பேசிக்கொண்டிருக்கும் கலையும் இதுதானே? பழுப்பேற்றத்தை விட்டுவிடுகிறேன். என் முடிவு 'கறையணி'.

ம. எழுதியது:

மாதிரிக் கார் வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். கறையணி என்று பலகையில் எழுதினால், முதல் கேள்வி கறையானைப் பற்றித்தான் வரும். 'அணி' என்றால் மாணவர்களுக்கு விளையாட்டுக் குழு. ஒவ்வொரு முறையும் புறநானூற்றைச் சொல்லிவிட்டுத் தூரிகை எடுக்க நேரமில்லை. மூப்பூட்டலும் எனக்கு ஆளைக் குறிப்பதாகவே படுகிறது.

கலைச்சொல்லை நான் ஒரே விதமாகத்தான் சோதிப்பேன்: ஏவலாகச் சொல்ல வருகிறதா? 'அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் பழசாக்கு', 'கூரையை லேசாகப் பழசாக்கினால் போதும்' என்பதெல்லாம் வாயில் தானாக வருகிறது. புதுசு, பெரிசு, பழசு என்று எல்லாரும் சொல்கிறோம். 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார்.

ந. எழுதியது:

அந்த நூற்பா காலந்தோறும் புதிதாகத் தோன்றும் சொல்லுக்கு இடம் தருகிறது. பேச்சுத் திரிபுக்கு அதைச் சான்றாக்குவது பொருந்தாது. மரம் மூத்தது, மூத்த மூங்கில் என்றெல்லாம் வழங்குவதால், மூப்பு ஆளுக்கு மட்டும் என்பதும் சரியில்லை. மாணவருக்குத் தெரியாத சொல்லைத் தெரியவைக்கத்தானே வகுப்பு?

வ. எழுதியது:

ம. சொன்ன 'லேசாக' முக்கியம், அதற்குக் கணக்கும் இருக்கிறது. 1/24 அளவுக் காரில் 1 மி.மீ. கீறல் போட்டால், நிஜக் காரில் அது 24 மி.மீ. அதே கீறல் 1/64 காரில் 64 மி.மீ., அதாவது ஆறு சென்டிமீட்டருக்கும் மேல்! சின்ன அளவுகளில் முக்கால்வாசி மாதிரிகள் கெடுவது இந்த இடத்தில்தான். அதனால் கூட்டவும் குறைக்கவும் வளைந்துகொடுக்கும் சொல் வேண்டும். பழசாக்கலுக்கு முன்னால் லேசாக, பாதி, முழுக்க என்று எதையும் போடலாம். கறையணியில் முடியாது.

செ. எழுதியது:

நன்றி. கூடவே 'வாஷ்' என்பதையும் கேட்டுவிடுகிறேன். 'கழுவல்' என்று போட்டிருந்தேன்.

வ. எழுதியது:

'கழுவல்' நேர் எதிரான பொருள் தரும். நன்றாக நீர்க்கவிட்ட கரிய வண்ணத்தைக் கதவு, பானெட் இடுக்குகளில் தூரிகை நுனியால் தொட்டால், நுண்புழைக் கவர்ச்சியால் அதுவே கோடு நெடுக ஓடி நிரப்பும். வழிந்ததைத் துடைத்துவிடுவோம். 'ஒழுகுபூச்சு' எப்படி? ஒரு எச்சரிக்கையையும் கையேட்டில் சேருங்கள்: அடியில் இருப்பது எனாமல் (எண்ணெய்வகை வண்ணம்) என்றால் மேலே எனாமல் வாஷ் வேண்டாம், அதிலுள்ள தின்னர் (நீர்க்கவைக்கும் கரைப்பான்) அடிவண்ணத்தையும் கிளப்பிவிடும். நன்கு காய்ந்த அக்ரிலிக் தெளிபூச்சின் மேல் எனாமல் வாஷ் விட்டால், அளவாகத் தின்னர் தொட்டுத் துடைக்கும்போதும் அடிவண்ணம் பிழைக்கும்.

ந. எழுதியது:

ஒழுகுபூச்சு மிக நன்று. வினைத்தொகையாதலால் ஒற்று மிகாது. அச்சுக்கோப்பவர் 'ஒழுகுப்பூச்சு' ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செ. எழுதியது:

பதிப்பாசிரியர் இன்று மாலைக்குள் கேட்கிறார். அத்தியாயத் தலைப்பு 'பழசாக்கல்', வாஷ் 'ஒழுகுபூச்சு', பழுது நீக்கும் பகுதியில் 'துத்தநாகச் சிதைவு' என்று அனுப்புகிறேன். துரு வரும் முதல் இடத்தில் 'துரு அல்லது கறள்' என்று இருக்கும். வ., ம. இருவரும் பழசாக்கல் பக்கம். த. மூப்பூட்டலைத் திரும்பப் பெறுவதாகத் தனி மடலில் எழுதியிருக்கிறார். ந. ஐயாவுக்கு இதில் உடன்பாடில்லை என்பது தெரியும்.

ந. எழுதியது:

உடன்பாடில்லைதான். அச்சை நிறுத்தச் சொல்லவில்லை. பின்னிணைப்புச் சொல்லடைவில் 'கறையணி: பழசாக்கல் காண்க' என்று ஒரு வரிக்கு இடம் கொடுங்கள். இரண்டாம் பதிப்பு வந்தால் மறுபடி எழுதுவேன்.