மறு: மலைநடைக் குளிருடை அடுக்குகள் – இடத்தால் பெயரிடுவதா, வேலையால் பெயரிடுவதா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

குளிர்கால மலைநடைக் கையேட்டுக்கான சொற்களைப் பற்றி இந்த இழையில் வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். 'அடியடுக்கு, இடையடுக்கு, புறவடுக்கு' என்ற மூன்றுக்கும் பெரும்பாலோர் இசைவு தெரிவித்துவிட்ட வேளையில் மாற்றுக் கருத்தோடு வருகிறேன், பொறுத்தருளுங்கள். பேஸ் லேயர், மிட் லேயர், அவுட்டர் லேயர் ஆகியவற்றை அப்படியே பெயர்த்த சொற்கள் இவை. ஓர் உடை எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்கின்றன. அது என்ன வேலை செய்கிறது என்பதுதான் பனியில் ஏறுபவர் அறிய வேண்டியது.

> மேலே ஒருவர்: "இடையடுக்கு என்பது எளிமையாகவும் தெளிவாகவும் இருக்கிறது. இதில் என்ன குழப்பம் வந்துவிடும்?"

வரும், ஐயா. உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. சுமையோடு செங்குத்தாக ஏறும்போது அது 400 வாட்டைத் தாண்டும். அதனால் ஏற்றத்தில் பலரும் உடலை ஒட்டிய மெல்லிய சட்டையையும், காற்று மிகுந்தால் அதன்மேல் ஒரு மெல்லிய காற்றுத் தடுப்பையும் மட்டுமே போட்டுக்கொள்வார்கள். 'இடை' என்று நாம் பெயரிட்டது அப்போது முதுகுப்பையில் கிடக்கும். உச்சியில் நின்றதும் பையிலிருந்து தடித்த தூவிச் சட்டையை (வாத்தின் மென்தூவி நிரப்பியது) எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே போடுவார்கள். அதுதான் சரியான முறை, சட்டையும் அதற்கேற்ப அகலமாகத் தைக்கப்பட்டிருக்கும். கையேட்டில் 'இடையடுக்கு' என்று படித்த புதியவரோ, காற்று வீசும் இடத்தில் மேலுடையைக் கழற்றி, நடுவே அதைப் போட்டு, மறுபடி மேலுடையை மாட்டப் பார்ப்பார். சேர்த்துவைத்த சூடெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் போய்விடும். கழித்தல் 10 பாகை செல்சியஸில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது கழித்தல் 20 போல உறைக்கும். அந்த நேரத்தில் ஒருவரை உடை கழற்ற வைக்கும் சொல் எனக்கு வேண்டாம்.

அதனால் வேலையை வைத்துப் பெயரிடுவோம். வேலைகள் மூன்று: தோலில் இருக்கும் ஈரத்தை அப்புறப்படுத்துவது, அசையாத காற்றைச் சிறைபிடித்துச் சூட்டைக் காப்பது, வெளிக்காற்றையும் பனியையும் மழையையும் தடுப்பது.

முதல் வேலையில்தான் நம் இழை நெடுநேரம் நின்றது. நிற்க வேண்டிய இடமும் அதுதான்.

> "'வியர்வை உறிஞ்சும் துணி' என்பது விளம்பரங்களில் ஏற்கெனவே புழங்குகிறது. மக்கள் நாவில் உள்ளதை ஏன் மாற்ற வேண்டும்?"

மக்கள் நாவில் உள்ள சொல்லை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு இல்லை, அம்மா. ஆனால் இந்த ஒரு சொல்லை ஏற்க முடியாது. பருத்தி நன்றாகவே உறிஞ்சும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 7, 8 விழுக்காடு ஈரத்தை வைத்திருக்கும். நனைந்தால் தன் எடையைவிட மிகுதியான நீரைப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாது. பாலியெஸ்டர் இழையோ அரை விழுக்காடுகூட ஏற்பதில்லை. 'உறிஞ்சும் துணி வாங்குக' என்று எழுதினால் படிப்பவர் நியாயமாகவே பருத்திச் சட்டையை எடுத்துக்கொள்வார். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஒரு கிராம் வியர்வை ஆவியாக உடலிலிருந்து ஏறத்தாழ 2,400 ஜூல் போகும். ஏறும்போது இது நன்மை. நின்றபின் ஈரத்துணி உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தால், அதே கணக்கு உடலின் உள்வெப்பத்தை 35 பாகைக்குக் கீழே தள்ளக்கூடும். உடல் தாழ்வெப்ப நிலை என்று மருத்துவர்கள் சொல்லும் ஆபத்து அங்கிருந்து தொடங்குகிறது.

நமக்கு வேண்டிய துணி ஈரத்தைத் தன்னுள் தேக்காமல், இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடுக்குகள் வழியாக வெளிப்பக்கம் கொண்டுபோய்ப் பரப்ப வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே முறையில்தான். 'திரியேற்றம்' என்று முன்மொழிந்தவருக்கு என் மனமார்ந்த பாராட்டு, அழகான சொல். ஆனால் 'திரியேற்ற உடை' என்று தனியே எழுதினால் விளக்கம் இல்லாமல் விளங்காது. 'நுண்புழையேற்றம்' பாடநூலில் உள்ள சொல். நிகழ்வை விளக்கும் பத்தியில் அதை வைக்கலாம், உடையின் பெயராக்கினால் வாய் தடுக்கும். நான் 'ஈரங்கடத்தல்' பக்கம் நிற்கிறேன். 'கடத்தல்' என்றால் செய்தித்தாளில் குற்றம் என்று ஒருவர் எழுதியிருந்தார். மின்கடத்தி, வெப்பக் கடத்தல் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம், அந்தத் தயக்கம் நெடுநாள் நிற்காது.

கம்பளியைப் பற்றி ஒரு குறிப்பு கட்டாயம் வேண்டும். மெரினோ ஆட்டின் மென்கம்பளி உண்மையிலேயே உறிஞ்சுகிறது, தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை நீராவியை இழையின் உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆனாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். ஆகவே 'உறிஞ்சுவது கெட்டது' என்று பொதுவாக எழுதிவிடவும் கூடாது. கம்பளிக்கு இப்படித் தனிப் பண்பு இருப்பதால், ஃபிளீஸ் என்ற பஞ்சுபோன்ற துணிக்குக் 'கம்பளித்துணி' என்ற பரிந்துரையையும் விட்டுவிட வேண்டும். ஃபிளீஸ் பெரும்பாலும் பாலியெஸ்டர், அதன் வேலை சூடு காப்பது. கம்பளியோ மெல்லியதாக நெய்யப்பட்டு உடலை ஒட்டியும் இருக்கலாம், தடித்து மேலேயும் இருக்கலாம். ஃபிளீஸ் ஃபிளீஸாகவே இருக்கட்டும்.

இரண்டாம் வேலைக்கு ஒருவர் தந்த 'கணப்புடை' என்ற சொல் என்னை நெடுநேரம் ஈர்த்தது. பழகிய சொல், குளிரையும் நெருப்பையும் ஒருசேர நினைவூட்டுகிறது. ஆயினும் கணப்பு வெப்பத்தைத் தருவது; கம்பளி வெளிவிடும் அந்தச் சிறிதளவைத் தவிர, உடை வெப்பத்தைத் தருவதில்லை. சூடு உண்டாகும் இடம் உடல்தான், உடை அதை வெளியேறவிடாமல் காக்கிறது. குளிர்ந்துபோன ஒருவர்மேல் வெறும் சட்டையைப் போர்த்திவிட்டு 'இனிச் சூடாகிவிடுவார்' என்று காத்திருப்பதில் உள்ள பிழையும் இதுதான். 'சூடுகாப்புடை' என்பதே பொருந்துகிறது. இதன் திறனை அளக்க 1941-இல் காகி, பர்ட்டன், பாசெட் மூவரும் வகுத்த 'குளோ' என்ற அலகை அலகாகவே வைத்துக்கொள்வோம்.

இங்கே நம் மொழியில் ஏற்கெனவே ஒரு செல்வம் இருக்கிறது. வாத்தின் நெஞ்சுப் பகுதியில் தண்டில்லாமல் பஞ்சுபோல் இருப்பதை 'இறகு' என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இறகுக்குத் தண்டு உண்டு, அது காற்றை அவ்வளவாகப் பிடித்துவைக்காது. மென்மைக்கு எல்லையாகக் குறளில் வரும் 'அன்னத்தின் தூவி'யை எண்ணிப் பாருங்கள். தூவி என்ற சொல்லே போதும். தூவிக்கும் இறகுக்கும் உள்ள விகிதம் சட்டையின் தரத்தையே தீர்மானிப்பதால் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் தேவை. ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் விரிந்து நிற்கிறது என்ற அளவு இப்போது 550 முதல் 900 வரை குறிக்கப்படுகிறது. அதற்குப் 'பொங்குதிறன்' என்று நான் முன்மொழிகிறேன். தூவி நனைந்தால் பொங்காது, சூடும் காக்காது. எனவே ஈரக்குளிரில் செயற்கை இழை நிரப்பிய சட்டையே மேல் என்ற அறிவுரையும் இந்தச் சொல்லிலிருந்தே இயல்பாக வந்துவிடுகிறது.

மூன்றாவது, காற்றையும் மழையையும் தடுக்கும் மேலுடை, ஆங்கிலத்தில் ஷெல். 'ஓடு' வேண்டாம், 'மேலோடு' நிலவியலுக்குப் போய்விட்டது. முல்லைப்பாட்டில் யவனக் காவலர் அணிந்த 'மெய்ப்பை'யை ஒருவர் எடுத்துக்காட்டியபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அது சட்டை என்ற உடைவகையின் பெயர். ஃபிளீஸ் சட்டையும் மெய்ப்பைதான், மழைச்சட்டையும் மெய்ப்பைதான். ஜாக்கெட் என்ற பொதுச்சொல்லுக்கு அதை வைத்துக்கொண்டு, இந்த வேலைக்குத் 'தடுப்புடை' என்போம்.

தடுப்புடையில் மூன்று பண்புகளை நம் கையேட்டு வரைவு கலந்துவிட்டது. 'நீர்புகா' என்பது மேல்துணிக்கு உள்ளே ஒட்டிய மெல்லிய படலத்தின் பண்பு, எத்தனை மில்லிமீட்டர் நீர்த்தூணைத் தாங்குகிறது என்று அளப்பது. 'நீர்விலக்கும்' என்பது மேல்துணியில் பூசிய பூச்சின் பண்பு, துளிகள் உருண்டோடச் செய்வது. 'மூச்சுவிடும்' என்று வரைவில் உள்ளதை 'ஆவிபோக்கும்' என்று மாற்ற வேண்டும், ஏனெனில் வெளியேறுவது நீராவி. 1969-இல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர் டெஃப்லான் வகைப் பொருளை இழுத்து நுண்துளைப் படலமாக்கிய பிறகுதான் நீர்புகாமையும் ஆவிபோக்கும் பண்பும் ஒரே துணியில் சேர்வது பரவலாயிற்று. அந்தத் துளைகளில் நீராவி நுழையும், துளி நுழையாது. பூச்சு தேய்ந்து மேல்துணி நீரில் ஊறிவிட்டால், படலம் நல்ல நிலையில் இருந்தும் ஆவி வெளியேற வழி குறையும், உள்ளே வியர்வை தேங்கும். அணிந்தவர் மழை உள்ளே கசிந்ததாக நினைத்துச் சட்டையையே தூக்கி எறிவார். துவைத்துப் பூச்சைப் புதுப்பித்தால் போதும் என்று அவருக்குச் சொல்ல, 'புகா', 'விலக்கும்' என்ற இரண்டு சொற்களும் பிரிந்தே இருக்க வேண்டும்.

முடிவாக என் முன்மொழிவு: ஈரங்கடத்துடை, சூடுகாப்புடை, தடுப்புடை. '–ஆடை' வேண்டாம் என்பதற்கு இலக்கணக் காரணம் உண்டு. 'ஈரங்கடத்தாடை' என்றால் 'கடத்தா' என்ற எதிர்மறை காதில் விழுகிறது. உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் லேயரிங் என்ற செயலுக்கு 'அடுக்குடுத்தல்'. 'இரண்டு அடுக்குடுத்து ஏறுங்கள்' என்று வினையாகவும் எழுத வருகிறது.

ஒன்று மட்டும் இன்னும் கைகூடவில்லை. மேல்துணி நீர் குடித்துவிட்ட அந்த நிலைக்கு வரைவில் 'ஊறல்' என்று குறித்திருக்கிறேன். ஊறுகாய், ஊற்று எல்லாம் நினைவுக்கு வருவதால் மனம் ஒப்பவில்லை. 'மேல்நனைவு' சரியா, அல்லது வேறு சொல் உண்டா? நெசவுத்துறையில் இருப்பவர்கள் பட்டறையில் இதை எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதினால், அதையே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

அன்புடன்