பெரிய வீட்டுக் குழு: மாவுக்கடை பில்

சனிக்கிழமை

*நிலா, மாலை 6:12*
சுதா அத்தை கடைக்கு பில் போடும் ப்ரோக்ராம் முக்கால்வாசி முடிந்தது 🎉 பைத்தானில், ஜன்னலும் பட்டனும் செய்யத் தரும் டிகின்டர் வைத்துச் செய்தேன். கிலோ எழுத ஒரு பெட்டி, கீழே ‘பில் போடு’ பட்டன். படம் பாருங்கள்.

*தினேஷ், 6:14*
இது என்ன, தாத்தா காலத்து கம்ப்யூட்டர் மாதிரி சாம்பல் கலரில் இருக்கிறது 😂

*பிரபு அண்ணன், 6:20*
டேய், டிகின்டருக்கு அடியில் இருந்து ஜன்னலை வரைகிற டிகே 1991-இல் வந்தது. ஜான் ஊஸ்டர்ஹவுட் பெர்க்லியில் எழுதினார். உன்னைவிட மூத்தது, மரியாதையாகப் பேசு. நிலா, டிகின்டரிலேயே இருக்கிற புது வடிவ டிடிகே பட்டன் போட்டால் பார்க்கக் கொஞ்சம் புதுசாக இருக்கும். ஆனால் அலங்காரம் அப்புறம். வேலை செய்கிறதா?

*நிலா, 6:21*
அதுதான் அண்ணா, பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் ஒன்றும் ஆகவில்லை. சிவப்பு எழுத்தில் எரரும் வரவில்லை.

*பிரபு அண்ணன், 6:23*
பட்டன் எழுதின வரியை மட்டும் அனுப்பு.

*நிலா, 6:24*
கமாண்ட் = பில்()

*பிரபு அண்ணன், 6:27*
அந்த அடைப்புக்குறியை எடு. குறி போட்டால் ஜன்னல் திறக்கும்போதே பில் ஓடி முடிந்துவிடும், பட்டனுக்கு ஒன்றும் மிஞ்சாது. ‘அமுக்கினால் இவனைக் கூப்பிடு’ என்று பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வரவேண்டும். நான் இதில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

*நிலா, 6:31*
வந்துவிட்டது!!! ஆனால்... 3 கிலோ போட்டேன். கிலோ 45 ரூபாய். என்ன வந்திருக்கிறது பாருங்கள்:
333333333333333333333333333333333333333333333

*சுதா அத்தை, 6:33*
ஏன் கண்ணு, மூன்று கிலோ மாவுக்கு இவ்வளவா? இந்தக் காசு வந்தால் கடையை மூடிவிட்டு காசிக்குப் போய்விடுவேன்.

*தினேஷ், 6:33*
🤣🤣🤣 எண்ணிப் பார்த்தேன், சரியாக 45 மூன்று.

*பிரபு அண்ணன், 6:36*
தினேஷே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான். பெட்டியில் இருந்து ‘கெட்’ எடுத்துத் தருவது எப்போதும் எழுத்துதான், எண் இல்லை. எழுத்தை 45-ஆல் பெருக்கினால் பைத்தான் 45 தடவை எழுதிவிடும். ஃப்ளோட்டுக்குள் போட்டு தசம எண்ணாக மாற்று. இன்ட் போடாதே, அது முழு எண்ணுக்குத்தான், அரைக் கிலோ வாங்க வருகிறவர்களைத் துரத்திவிடும்.

*நிலா, 6:40*
135 ✅✅ பைஇன்ஸ்டாலர் வைத்து, பைத்தான் இல்லாத கம்ப்யூட்டரிலும் ஓடுகிற ஒரே ஃபைலாகக் கட்டி, காலையில் அத்தை கடை லேப்டாப்பில் போட்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

*சுதா அத்தை, காலை 8:05*
கண்ணு, இது அசையவே மாட்டேன் என்கிறது. கடையில் ஆறு பேர் நிற்கிறார்கள். நோட்டிலேயே எழுதிக்கொள்கிறேன்.

*நிலா, 8:06*
என்ன எழுதினீர்கள் அத்தை?

*சுதா அத்தை, 8:15*
1/2

*பிரபு அண்ணன், 8:22*
ஃப்ளோட்டுக்கு 0.5 தெரியும், 1/2 தெரியாது. உன் கம்ப்யூட்டரில் என்றால் பின்னால் கறுப்பு ஜன்னலில் எரர் வந்திருக்கும். அந்த ஜன்னல் வராமல் கட்டிக்கொடுத்தாய் அல்லவா? அத்தைக்கு எதுவும் தெரியாது. எரரைப் பிடிக்கிற ட்ரை, எக்செப்ட் போட்டு, ‘அளவு புரியவில்லை’ என்று கீழே காட்டு.

*சுதா அத்தை, 8:40*
பிரபு, அதெல்லாம் வேண்டாம்ப்பா. கை முழுக்க மாவு, நான் எங்கே டைப் அடிப்பது? அரை, ஒன்று, இரண்டு. மூன்று பட்டன் பெரிசாக வை. புறங்கையால் தட்டுகிற மாதிரி இருக்கவேண்டும்.

*நிலா, 8:41*
அப்படியென்றால் பெட்டியே வேண்டாமா 😭 இரண்டு நாளாக அதைத்தான் சரிசெய்தேன்.

*தாத்தா, 8:50*
இனிய காலை வணக்கம் 🌹🙏

*நிலா, 11:15*
மூன்று பட்டனும் வைத்துவிட்டேன், எழுத்து 28 சைஸ். எதை அமுக்கினாலும் 90 வருகிறது.

*பிரபு அண்ணன், 11:19*
மூன்று பட்டனையும் வரிசையாகச் செய்யும் ஃபார் லூப்புக்குள் லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) போட்டாயா?

*நிலா, 11:19*
எப்படி அண்ணா தெரிந்தது

*பிரபு அண்ணன், 11:24*
எல்லாரும் விழுகிற குழி அது. லாம்டா அளவைக் குறித்து வைத்துக்கொள்ளாது, அமுக்கும்போதுதான் போய்ப் பார்க்கும். அதற்குள் லூப் முடிந்து அளவு 2-இல் நின்றிருக்கும். லாம்டா அ=அளவு: பில்(அ) என்று எழுது, பட்டன் செய்யும்போதே பிடித்துக்கொள்ளும்.

*நிலா, 11:38*
இப்போது மூன்றும் சரி! பைசா வேண்டாமென்று ரவுண்டும் போட்டிருக்கிறேன்.

*சுதா அத்தை, மதியம் 1:10*
அரைக் கிலோவுக்கு 22 காட்டுகிறது. நான் 23 அல்லவா வாங்குவேன்?

*பிரபு அண்ணன், 1:16*
அத்தை சொல்வது சரி. சரிபாதியாக நின்றால் பைத்தானின் ரவுண்ட் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 22.5 என்றால் 22, ஆனால் 67.5 என்றால் 68. நிலா, மேத் மாட்யூலில் எப்போதும் மேலே ஏற்றுகிற சீல் இருக்கிறது, அதைப் போடு.

*நிலா, 1:30*
போட்டாயிற்று. 23. அத்தை, இனி ஏதாவது?

*சுதா அத்தை, 1:42*
நன்றாக இருக்கிறது கண்ணு. உளுந்து விலை ஏறிவிட்டது, நாளையிலிருந்து கிலோ 50. அதை எங்கே மாற்றுவது?

*நிலா, 1:43*
...

*பிரபு அண்ணன், 1:43*
😂 விலையைக் கோடுக்குள்ளேயே எழுதிவிட்டாயா?

*நிலா, 1:44*
சாயங்காலம் லேப்டாப்போடு வருகிறேன் அத்தை. அடை சுட்டு வையுங்கள்.